எப்போதும் இடதுபக்கமே தப்பிய பந்து: ஒரு கியூ பிடியின் நிகழ்வு ஆய்வு

இவர் பூல் (கியூ என்னும் கோலால் வெள்ளைப் பந்தை அடித்து, அது மோதும் பந்தைப் பாக்கெட்டில் போடும் மேசை ஆட்டம்) ஆடத் தொடங்கி 9 வருடம் ஆகிறது. வலக்கைக்காரர், நல்ல உயரம். ஷாட் தேர்வில் நிதானம் உண்டு. சேஃப்டி (எதிராளிக்கு எளிதான ஷாட் கிடைக்காதபடி அடிப்பது) ஆடத் தெரியும். என்னிடம் பயிற்சிக்கு வந்தபோது அவருக்கு இருந்தது ஒரே புகார்தான்: நீளமான நேர் ஷாட் விழுவதில்லை.

“ஷாஃப்ட் மாத்தினதுலேர்ந்துதான் அண்ணே இப்படி. பழசுல அடிச்சா நேரா விழும். இதுல அடிச்சா இடது ஓரத்துல முட்டி வெளிய வந்துடுது.”

மாற்றியது கியூவின் முன்பாதியான ஷாஃப்ட்டை. புதியது லோ-டிஃப்ளெக்‌ஷன் ஷாஃப்ட். சைடு ஸ்பின் கொடுக்கும்போது (பந்தின் பக்கவாட்டில் அடித்துச் சுழற்றும்போது) வெள்ளைப் பந்து குறைவாக விலகும் என்பதற்காக வாங்கியது. மாற்றி 4 மாதம் ஆகியும் கை பழகவில்லை. பழைய ஷாஃப்ட்டுக்கே போய்விடலாமா என்ற யோசனையில் இருந்தார்.

நான் பிடித்துக்கொண்டது அவர் சொன்னதில் ஒரு சொல்லை: “இடது”. தப்பும் ஷாட் இரண்டு பக்கமும் தப்பினால் குறி பார்ப்பதிலோ கவனத்திலோ கோளாறு என்று நினைக்கலாம். எப்போதும் ஒரே பக்கம் தப்பினால் அதற்குப் பின்னால் ஒரு இயந்திரம் மாதிரி ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. கட் ஷாட்டைப் பற்றி, அதாவது பந்தை ஓரத்தில் அடித்துப் பக்கவாட்டில் திருப்பும் ஷாட்டைப் பற்றிக் கேட்டேன். இடதுபக்கம் வெட்டும்போது பந்து அதிகமாக வெட்டுப்பட்டுப் போகிறது, வலதுபக்கம் வெட்டும்போது தடித்து, அதாவது போதிய அளவு வெட்டுப்படாமல், போகிறது என்றார். அவர் இதை இரண்டு தனித்தனிப் பிழைகளாக வைத்துக்கொண்டு, இரண்டுக்கும் தனித்தனியாகப் பயிற்சி செய்துகொண்டிருந்தார். யோசித்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றே. வெள்ளைப் பந்து குறிவைத்த கோட்டுக்குக் கொஞ்சம் வலப்பக்கமாகப் போகிறது, அதனால் அடிபடும் பந்து கொஞ்சம் இடப்பக்கமாகப் போகிறது. நேர் ஷாட், இட கட், வல கட் மூன்றுக்கும் இந்த ஒரே விளக்கம் போதும்.

எவ்வளவு வலப்பக்கம்?

கணக்கைக் கையோடு போட்டுவிடலாம். பூல் பந்தின் விட்டம் 57.15 மி.மீ. போட்டி மேசையில் மூலைப் பாக்கெட்டின் வாய் ஏறக்குறைய 11.5 செ.மீ. வெள்ளைக்கும் அடிபடும் பந்துக்கும் இடையே 1 மீட்டர், அங்கிருந்து பாக்கெட்டுக்கு இன்னொரு 1 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பந்தின் மையம் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ 29 மி.மீ. வரை நகரலாம். அதற்கு மேல் போனால் தாடையில் (பாக்கெட் வாயின் ஓரத்தில்) முட்டும். அதாவது அடிபடும் பந்தின் திசை 1.6 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அதற்கு, மோதும் இடத்தில் வெள்ளைப் பந்து 1.6 மி.மீ.க்கு மேல் தவறக்கூடாது. 1 மீட்டர் தூரத்தில் 1.6 மி.மீ. என்றால் ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பிரிட்ஜுக்கும் (கியூவின் முன்பக்கத்தைத் தாங்கும் கை) பின்கைக்கும் (கியூவைப் பிடித்து வீசும் கை) இடையே 80 செ.மீ. இருந்தால், பின்கை பக்கவாட்டில் ஒரு மில்லிமீட்டரும் கொஞ்சமும் நகர்ந்தாலே கியூ அந்த அளவு திரும்பிவிடும்.

இது டிஃப்ளெக்‌ஷனைச் சேர்க்காத வெறும் கணக்கு. நிஜத்தில் நிலைமை இவ்வளவு கொடூரமில்லை. ஏன் இல்லை என்பதில்தான் இந்த ஆய்வின் முடிச்சே இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நான் செய்த தவறு

முதல் நாள் அவரை 20 நேர் ஷாட் அடிக்கச் சொல்லிவிட்டுப் பின்னால் நின்று பார்த்தேன். 9 விழுந்தன. தப்பிய 11-இல் 10 இடப்பக்கம். முழங்கை உடம்பிலிருந்து கொஞ்சம் வெளியே தள்ளியிருந்தது. பிடி இறுக்கமாக இருந்தது, விரல் முட்டிகள் வெளுத்துத் தெரிந்தன.

இதைப் பார்க்கும் எவரும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன். “பிடிய லேசாக்குங்க. கோழிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரி பிடிங்க.”

பத்து நாள் கழித்து வந்தார். 20-இல் 7. முன்பைவிட மோசம். முன்பெல்லாம் தாடையில் முட்டிய பந்து இப்போது அதற்கும் முன்னால் குஷனிலேயே (மேசையின் ரப்பர் விளிம்பிலேயே) முட்டியது. “கோழிக்குஞ்சு செத்துப்போச்சு அண்ணே” என்றார். அவர் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணால் பார்த்து யூகிப்பதை அன்றோடு நிறுத்திவிட்டு, அளக்க ஆரம்பித்தோம்.

மூன்று சோதனைகள்

முதலாவது, வெள்ளைப் பந்தை மேசையின் தலைப்புள்ளியில் வைத்து, எதிர்க் குஷனுக்கு நேராக அடித்து, அது திரும்பி வந்து கியூ டிப்பிலேயே (கியூவின் முன்நுனியிலேயே) முட்டுகிறதா என்று பார்ப்பது. அடி முடிந்ததும் கியூவை எடுக்காமல் அப்படியே வைத்திருக்க வேண்டும். இவருடைய பந்து ஒவ்வொரு முறையும் டிப்புக்கு வலப்பக்கமாகத் திரும்பியது. வலது ஸ்பின் விழுந்த பந்து குஷனில் பட்டதும் வலப்பக்கம் விலகும். அவர் நடுவில் அடிப்பதாக நினைத்துக்கொண்டு வலப்பக்கம் அடிக்கிறார்.

இரண்டாவது, வெள்ளைக்குப் பதில் ஒரு கோடு போட்ட பந்து. கோடு செங்குத்தாக நிற்கும்படி வைத்து, டிப்பில் புதிதாகச் சாக் (டிப் வழுக்காமல் இருக்கப் பூசும் நீலப் பொடி) தடவி அடித்தால் பந்தில் ஒரு சின்ன நீலப் புள்ளி விழும். ஆறு முறை அடித்தோம். ஒவ்வொரு அடிக்கும் பிறகு பந்தை எடுத்துப் பார்த்தோம். கோட்டின் நடுவிலிருந்து வலப்பக்கமாக ஏறக்குறைய 2 மி.மீ. தள்ளி, கிட்டத்தட்ட ஒரே இடத்தில் புள்ளி. இவ்வளவு ஒழுங்காகத் தப்பு செய்ய ஒரு திறமை வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது.

மூன்றாவதுதான் விஷயத்தை உடைத்தது. ஒரு ஸ்டூலில் போனை வைத்து, பின்கையை நேர் பின்னாலிருந்து, வினாடிக்கு 240 படம் என்ற வேகத்தில் எடுத்தோம். ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 4 மில்லிவினாடிக்கு மேல் ஆகிறது. டிப் பந்தைத் தொட்டிருக்கும் நேரம் 1 அல்லது 2 மில்லிவினாடிதான். எனவே அடிபடும் கணம் பெரும்பாலும் இரண்டு படங்களுக்கு நடுவில் போய்விடும். பரவாயில்லை, நமக்கு வேண்டியது அதற்கு முந்தைய கணங்கள்.

ஒத்திகை வீச்சுகளில் கை அழகாக இருந்தது. கியூ விரல்களின் மேல் கிடக்கிறது, கட்டைவிரல் தரையைப் பார்த்துத் தொங்குகிறது, உள்ளங்கைக்கும் கியூவுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிகிறது. கடைசி வீச்சு தொடங்குகிறது, எல்லாம் சரி. டிப் பந்தை நெருங்க நாலு விரல்கடை இருக்கும்போது மோதிர விரலும் சுண்டு விரலும் சட்டென்று மூடுகின்றன. உள்ளங்கை கியூவைக் கவ்வுகிறது. கட்டைவிரல் வளைந்து கியூவைச் சுற்றிக்கொள்கிறது. மணிக்கட்டு உள்பக்கம் திரும்பி, கியூவின் அடிப்பாகம் 5, 6 மி.மீ. உடம்பை நோக்கி வருகிறது. பின்பக்கம் இடது போனால் முன்பக்கம் வலது போகும். நீலப் புள்ளி ஏன் வலப்பக்கம் விழுகிறது என்பது தெரிந்துவிட்டது.

என் அறிவுரை ஏன் நிலைமையைக் கெடுத்தது என்பதும் அப்போதே புரிந்தது. முதலில் இறுக்கிப் பிடித்திருந்தபோது கை பாதி மூடியே இருந்தது. அது முழுதாக மூடச் சின்னத் தூரம்தான் பயணிக்க வேண்டியிருந்தது. நான் லேசாக்கச் சொன்னதும் கை இன்னும் திறந்தது, கவ்வும் பழக்கம் மட்டும் அப்படியே இருந்தது. மூடும் தூரம் கூடியது, முறுக்கும் கூடியது.

பிடி இறுக்கமா தளர்வா என்பது இரண்டாம் கேள்வி. கியூவைப் பின்னிழுக்கத் தொடங்கும்போது இருந்த பிடி, பந்தைத் தொடும்போதும் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. இறுக்கிப் பிடித்து அடி முழுவதும் அதே இறுக்கத்தில் வைத்திருப்பவர், தளர்வாகத் தொடங்கிக் கடைசியில் கவ்வுபவரைவிட நேராக அடிப்பார். இத்தனை வருடமாக “லேசாப் பிடி” என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

பழைய ஷாஃப்ட் மறைத்தது

அப்படியானால் பழைய ஷாஃப்ட்டில் பந்து ஏன் விழுந்தது? அவருடைய கேள்வி நியாயமானது. அவர் பொய் சொல்லவில்லை.

பந்தின் வலப்பக்கத்தில் அடித்தால், பந்து கியூ காட்டும் திசையிலேயே போகாது. கொஞ்சம் இடப்பக்கம் விலகும். இதுதான் டிஃப்ளெக்‌ஷன். ஷாஃப்ட்டின் முன்நுனியில் எடை கூடினால் இந்த விலகலும் கூடும். லோ-டிஃப்ளெக்‌ஷன் ஷாஃப்ட்டுகளில் நுனி எடையைக் குறைப்பது அதற்காகத்தான்.

இவர் கை முறுக்கும்போது கியூ பிரிட்ஜை அச்சாகக் கொண்டு திரும்புகிறது. ஒரே அசைவில் இரண்டு காரியம் நடக்கின்றன. கியூ வலப்பக்கம் காட்டுகிறது, டிப்பும் பந்தின் வலப்பக்கம் படுகிறது. முதலாவது பந்தை வலப்பக்கம் அனுப்பும். இரண்டாவது, டிஃப்ளெக்‌ஷனால், பந்தை இடப்பக்கம் தள்ளும். ஒன்றை ஒன்று அடித்துக்கொள்கின்றன. பழைய ஷாஃப்ட்டில் தள்ளல் அதிகம், அதனால் பிழையில் பெரும்பகுதி கழிந்துபோனது. மிச்சம் பாக்கெட்டின் வாய்க்குள் அடங்கியது. புதிய ஷாஃப்ட்டில் தள்ளல் குறைவு. என் தோராயக் கணக்கில், அவருடைய 25 செ.மீ. பிரிட்ஜ் தூரத்துக்கு, மிஞ்சும் பிழை முன்பைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. கை பழையபடிதான் இருந்தது, அதற்குக் கிடைத்துக்கொண்டிருந்த மன்னிப்புதான் குறைந்தது.

“அப்ப பழசையே போட்டுக்கிட்டா முடிஞ்சுதே அண்ணே?”

நேர் ஷாட் விழும், சரி. ஆனால் அந்த 2 மி.மீ. வலது ஸ்பின் எங்கே போகும்? ஒரு ஸ்டாப் ஷாட் அடிக்கச் சொன்னேன். வெள்ளை நின்ற இடத்திலேயே இடஞ்சுழியாகப் பம்பரம் மாதிரி சுற்றியது. நடுவில் அடித்த ஸ்டாப் ஷாட்டில் வெள்ளை அசையாமல் உட்கார வேண்டும். பந்தைப் போட்டுவிட்டுக் குஷனுக்குப் போகும் வெள்ளை, கேட்காத ஸ்பின்னோடு போனால் கேட்காத இடத்தில்தான் நிற்கும். அவர் கொஞ்ச நேரம் அந்தப் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “நான் இத்தனை நாளா குஷன்தான் சரியில்லன்னு நெனச்சேன்” என்றார். பழைய ஷாஃப்ட்டுக்குத் திரும்பும் பேச்சு அத்தோடு முடிந்தது.

கை ஏன் கவ்வியது

பயம், பதற்றம் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் தோற்கப் பயமே இல்லாத பயிற்சி ஷாட்டிலும் அது நடந்தது. இந்த முறை பக்கவாட்டிலிருந்து படம் எடுத்தோம்.

முழங்கையை ஆணி அடித்த மாதிரி வைத்து முன்கை ஊசலாடும் அடியில், டிப் பந்தைத் தொடும் நேரத்தில் முன்கை செங்குத்தாக இருப்பது நல்லது. அப்போது கை தன் வளைவின் அடிமட்டத்தில் இருக்கிறது, கியூ மட்டமாகப் போகிறது. இவர் கியூவை முன்னால் தள்ளிப் பிடித்திருந்தார். டிப் பந்தருகே வரும்போது முன்கை செங்குத்தைத் தாண்டி முன்பக்கம் சாய்ந்துவிட்டது. செங்குத்தைத் தாண்டினால் கை மேலே ஏறும், கை ஏறினால் டிப் கீழே குத்தும். டிப் துணியில் குத்தப் போகிறது என்பதைக் கை எப்படியோ உணர்கிறது. உடனே பிடித்து அடக்கப் பார்க்கிறது. கவ்வலின் வேர் இதுதான் என்று நினைக்கிறேன்.

ஏன் முன்னால் பிடித்தார்? தொடக்கத்தில் யாரோ, கியூ சமநிலையில் நிற்கும் புள்ளியிலிருந்து ஒரு கைப்பிடி அகலம் பின்னால் பிடி என்று சொல்லியிருக்கிறார்கள். பொதுவான கியூவின் நீளம் 147 செ.மீ. சமநிலைப் புள்ளி அடியிலிருந்து 45 முதல் 48 செ.மீ. வரை இருக்கும். நடுத்தர உயரத்துக்கு அங்கிருந்து 10, 15 செ.மீ. பின்னால் பிடிப்பது வசதி. இவருடைய கை நீளத்துக்கு அதைவிடவும் பின்னால் போக வேண்டும். அளவுகோல் கியூவில் இல்லை, முன்கையில் இருக்கிறது. டிப்பைப் பந்தின் அருகில் வைத்துக்கொண்டு, முன்கை செங்குத்தாகத் தொங்கும் இடத்தில் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். இவருக்கு அந்த இடம் பழைய இடத்திலிருந்து 8 செ.மீ. பின்னால் வந்தது. அங்கே ஒரு நாடா சுற்றினோம்.

வெளியே தள்ளிய முழங்கையை நான் தொடவில்லை. முதல் நாள் அதுதான் கண்ணை உறுத்தியது. ஆனால் வீடியோவில் அது ஒவ்வொரு அடியிலும் அதே இடத்தில் இருந்தது, கியூவை எங்கும் இழுக்கவில்லை. அமெரிக்க பூல் ஆட்டக்காரர் கீத் மக்கிரெடி கையைப் பக்கவாட்டில் வீசியே பெரிய ஆட்டக்காரர்களை வீழ்த்தியவர். 1999-இல் உலக நைன்-பால் பட்டம் வென்ற எஃப்ரென் ரேயஸின் தளர்ந்த, அலைபோன்ற வீச்சைப் பாடப்புத்தக அடி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அழகில்லாத அசைவு வேறு, மாறிக்கொண்டே இருக்கும் அசைவு வேறு. பயிற்சி கொடுப்பவர்கள் முன்னதைத் திருத்தவே அதிகம் ஆசைப்படுகிறோம், கண்ணுக்குத் தெரிவது அதுதானே.

செய்தது

முதல் மூன்று நாள் பந்தே இல்லை. ஒரு காலித் தண்ணீர் பாட்டிலை மேசையில் படுக்க வைத்து, அதன் வாய்க்குள் டிப் போய்வர வேண்டும். வாய் ஏறக்குறைய 2 செ.மீ., டிப் 12, 13 மி.மீ. பக்கத்தில் உரசினால் பாட்டில் ஆடும், சத்தம் போடும். மெதுவாகப் போகும்போது எல்லாருக்கும் வரும். ஷாட் வேகத்தில் போகும்போதுதான் கை தன் குணத்தைக் காட்டும்.

பிடிக்கு நான் கொடுத்த சொல் “லேசாக” அல்ல, “அதேபடி”. 10-க்கு எத்தனை இறுக்கம் வேண்டும் என்று அவரையே தேர்ந்தெடுக்கச் சொன்னேன். 4 என்றார். சரி, முடியும்வரை 4. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கியூவைத் தாங்க வேண்டும், கட்டைவிரல் கீழே தொங்க வேண்டும், கடைசி இரண்டு விரல்கள் சும்மா தொட்டுக்கொண்டிருந்தால் போதும். கியூ பின்னால் போகும்போது அந்த இரண்டு விரல்களும் கொஞ்சம் திறந்துகொள்ளும், திறக்க விடவேண்டும். திறக்காமல் பிடித்தால் கியூவின் பின்பக்கம் மேலே தூக்கும். திரும்பி வரும்போது அவை பழைய இடத்துக்கு வரலாம், பழைய இடத்தைத் தாண்டி மூடக்கூடாது.

தாண்டி மூடுகிறதா என்று ஒவ்வொரு அடிக்கும் வீடியோ பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதற்கு ஒரு வழி கிடைத்தது. பிரிட்ஜ் கைக்குப் பூசும் பவுடரை எடுத்து, பின்கையின் உள்ளங்கை மேட்டில், சுண்டுவிரலுக்குக் கீழே, கொஞ்சம் தேய்த்தோம். அவருடைய கியூவின் அடிப்பாகம் கறுப்பு. அடித்ததும் கியூவைத் திருப்பிப் பார்த்தால் போதும். உள்ளங்கை கவ்வியிருந்தால் வெள்ளைத் தடம், கவ்வாவிட்டால் கறுப்பு கறுப்பாகவே இருக்கும். முதல் நாள் தடம் விழாத அடி ஒன்றுகூட இல்லை. துடைப்பார், அடிப்பார், திருப்பிப் பார்ப்பார், வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொள்வார், மறுபடி துடைப்பார். நான்காம் நாள் 30 அடியில் 11 சுத்தம்.

இதோடு பின்வீச்சின் கடைசியில் ஒரு நிறுத்தம். அரை வினாடி போதும். கியூ பின்னால் போய் நின்று, பிறகு முன்னால் வரவேண்டும். பின்னோக்கிப் போகும் கியூவைச் சடாரென்று முன்னால் திருப்பும்போது விரல்கள் தாமாகவே இறுகும், நின்று வந்தால் அந்த அவசரம் இருக்காது. கண் கடைசியாக அடிபடும் பந்துக்குப் போவதும் அந்த நிறுத்தத்தில்தான்.

இரண்டாம் வாரம் மிதமான வேக ஷாட்டுகள் சரியாகின. ட்ரா ஷாட்டில் (வெள்ளை மோதிவிட்டுப் பின்னால் திரும்பும் ஷாட்) பழைய குணம் முழுதாகத் திரும்பியது. காரணம் கையில் இல்லை, ஒரு நம்பிக்கையில் இருந்தது. வெள்ளையைப் பின்னுக்கு வரவழைக்கக் கியூவை வெடுக்கென்று பிடித்து இழுக்க வேண்டும் என்று யாரோ சொன்னதை அவர் நம்பியிருந்தார். டிப் பந்தோடு இருப்பது ஆயிரத்தில் ஒன்றிரண்டு வினாடி. கை “இழு” என்று முடிவெடுப்பதற்குள் பந்து போயே போய்விட்டிருக்கும். பந்து பின்னுக்கு வருவது கீழே அடிப்பதாலும் வேகத்தாலும்தான். அடிக்குப் பிறகு கியூ முன்னால் நீளமாகப் போகச் சொல்வதும் பந்துக்காக அல்ல. போன பந்தைக் கியூ ஒன்றும் செய்ய முடியாது. அடிக்கு முன்பு கை கவ்வாமல், வேகம் குறையாமல் வந்தது என்பதற்கு அது சாட்சி, அவ்வளவே. இதைச் சொன்னதும் அவர் நம்பவில்லை. கவ்வாமல் அடித்து வெள்ளை முன்பைவிட அதிகத் தூரம் பின்னால் வந்ததைப் பார்த்த பிறகு நம்பினார்.

ஆட்டத் தொடக்கத்தில் பந்துகளைக் கலைக்கும் பிரேக் ஷாட்டை விட்டுவைத்தோம். அங்கே பிடி வேறு, தேவை வேறு.

ஒருமுறை ஆட்டத்தின் கடைசிப் பந்தில் கை பழையபடி கவ்வியது. ஸ்டீஃபன் ஹெண்ட்ரி மாதிரி 7 முறை ஸ்னூக்கர் உலகப் பட்டம் வென்றவரே, கியூவை முன்னால் செலுத்த முடியாமல் தடுமாறிய காலத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். “எனக்கும் அதானா அண்ணே?” என்று இவர் கேட்டார். இல்லை. அது எந்த அளவையில் அளப்பது என்று தெரியாத கோளாறு. இவருடையது பவுடர் போட்டுப் பார்க்கக்கூடியது.

ஆறு வாரத்துக்குப் பின்

அதே 20 நேர் ஷாட். 15 விழுந்தன. எண்ணிக்கையைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது தப்பிய 5: மூன்று இடப்பக்கம், இரண்டு வலப்பக்கம். ஒரே பக்கம் சாயும் பிழை போய், எல்லாருக்கும் உள்ள சாதாரணச் சிதறல் வந்திருக்கிறது. இனிமேல்தான் அவர் குறி பார்ப்பதைப் பற்றிப் பேசவே முடியும். கோடு போட்ட பந்தில் நீலப் புள்ளி பெரும்பாலும் கோட்டின் நடுவில் விழுகிறது. ஸ்டாப் ஷாட்டில் வெள்ளை உட்கார்கிறது. வலப்பக்க கட் ஷாட்டில் மட்டும், பழைய பிழைக்கு ஈடாக அவர் பல வருடம் சேர்த்துவைத்த மெல்லிய குறி இன்னும் போகவில்லை. அடி நேரானதும் அதுவே இப்போது பந்தை அதிகமாக வெட்டுகிறது.

கியூவில் சுற்றிய நாடாவைப் போன வாரம் எடுத்துவிட்டார். கை தானாக அங்கே போகிறது என்கிறார். பவுடர் டப்பா இன்னும் பையில் இருக்கிறது. மேசையின் முழு நீளத்துக்கு ட்ரா அடிக்கும்போது கறுப்புக் கியூவில் இன்னும் ஒரு வெள்ளைத் தடம் விழுகிறது, முன்பைவிட மெல்லியதாக.